பண்டைய கிரேக்கப் போரை இன்றைய போரோடு எப்படி ஒப்பிடுவது?

கேள்வி இதுதான்: பண்டைய கிரேக்கர்கள் சமவெளியில் நேருக்கு நேர் நின்று ஒரே நாளில் சண்டையை முடித்துக்கொண்டார்கள். இன்றைய போர் முகம் தெரியாத எதிரியோடு வருடக்கணக்கில் நடக்கிறது, பொதுமக்களையும் சேர்த்து அழிக்கிறது. அப்படியானால் அவர்களுடைய போர் நம்முடையதைவிட நேர்மையானது என்று சொல்லலாமா?

இதில் பாதி உண்மை. மீதி, கிரேக்கர்கள் தங்களைப் பற்றி விரும்பிச் சொல்லிக்கொண்ட கதை. ஒப்பிட நினைக்கும் பலர் கி.மு. 490இல் நடந்த மராத்தான் சண்டையை எடுத்துக்கொண்டு, அதன் எதிரே முதல் உலகப் போரையோ உக்ரைனையோ வைக்கிறார்கள். கிரேக்கர்களிடம் இரண்டு விதமான போர் இருந்தது என்பது அங்கே மறந்துபோகிறது. ஒன்று, இரண்டு நகரங்களின் குடிமக்கள் கவசம் அணிந்து ஒரு வயல்வெளியில் மோதி, மாலைக்குள் முடித்துக்கொள்வது. இன்னொன்று, கி.மு. 431 முதல் 404 வரை 27 ஆண்டுகள் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் தங்கள் கூட்டாளிகளோடு நடத்திய பெலோபொனேசியப் போர். அதில் முற்றுகை இருந்தது, பட்டினி இருந்தது, வெளிநாட்டுப் பணம் இருந்தது, ஊரோடு கொன்று குவித்தது இருந்தது. இரண்டாவதைப் பார்த்தால் இன்றைய போர் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுதங்கள் மாறியதைவிடப் பெரிய மாற்றங்கள் இரண்டு. போருக்குப் போகலாம் என்று முடிவெடுப்பவனுக்கும் அதில் சாகிறவனுக்கும் இடையிலான தூரம் கூடியது. முடிவுக்கும் சாவுக்கும் இடையே கிடைக்கும் அவகாசம் குறைந்தது.

முதலில் அந்த ஒருநாள் சண்டையைப் பார்ப்போம். ஹோப்லைட் என்று அழைக்கப்பட்ட கனரகக் காலாள் வீரன் தன் ஆயுதங்களைத் தன் காசிலேயே வாங்க வேண்டும். அதனால் ஓரளவு வசதியுள்ள விவசாயிகளும் கைவினைஞர்களும்தான் ஹோப்லைட் ஆக முடிந்தது. சுமார் 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கேடயம், ஆறு முதல் எட்டு கிலோ எடை. இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான ஈட்டி, வெண்கலத் தலைக்கவசம், மார்புக்கவசம், கணைக்கால் காப்பு. இப்படி ஆயுதம் தரித்தவர்கள் பொதுவாக எட்டு வரிசை ஆழத்தில், தோளோடு தோள் சேர்ந்து நிற்பதுதான் ஃபாலாங்ஸ் அணி.

கி.மு. 418இல் நடந்த மான்டினியா சண்டையை விவரிக்கும்போது, அக்கால ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் ஒரு நுட்பமான விஷயத்தைப் பதிவு செய்கிறார். அணி முன்னேறும்போது எப்போதுமே வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். கேடயம் இடது கையில் இருப்பதால் ஒவ்வொருவனுடைய வலப்பக்கமும் திறந்து கிடக்கும். பயத்தில் அவன் தன் வலது பக்கத்து ஆளின் கேடயத்துக்குள் ஒதுங்கப் பார்ப்பான். ஆயிரக்கணக்கானவர்கள் இப்படி அரை அடி ஒதுங்கினால் மொத்தப் படையும் நகர்ந்துவிடும். போர்க்கள மனிதனின் பயத்தை இதைவிடத் துல்லியமாக எழுதியவர்கள் குறைவு. ஸ்பார்ட்டர்கள் புல்லாங்குழல் இசைக்கு ஏற்ப மெதுவாக நடந்து வந்ததற்கும் இதுவே காரணம். பக்திக்காக இல்லை, வரிசை உடையாமல் சேர்ந்து நடப்பதற்காக என்று துசிடிடிஸே சொல்கிறார்.

இரண்டு அணிகளும் மோதிய பிறகு என்ன நடந்தது என்பதில் இன்றும் ஆய்வாளர்களிடையே சண்டைதான். பின்வரிசைகள் முன்வரிசையை உடலால் தள்ளினார்களா, அல்லது முன்னால் இருப்பவர்கள் ஈட்டியால் குத்திக்கொள்ள, மற்றவர்கள் இடம் நிரப்பக் காத்திருந்தார்களா என்ற விவாதம் முடியவில்லை. முடிவு என்ன என்பதில் குழப்பமில்லை. ஒரு பக்கம் உடைந்து ஓடும். ஓடும்போதுதான் அதிகம் பேர் செத்தார்கள். கிடைத்த பதிவுகளை வைத்துச் செய்த ஒரு கணக்கின்படி, தோற்ற பக்கத்தில் சராசரியாக 14 சதவீதம், வென்ற பக்கத்தில் 5 சதவீதம் பேர் இறந்தார்கள். மராத்தானில் ஏதென்ஸ் இழந்தது 192 பேர். அவர்களைப் புதைத்த மண்மேடு இன்றும் அங்கே இருக்கிறது.

வென்றவர்கள் எதிரி திரும்பி ஓடிய இடத்தில் ஒரு மரக்கம்பத்தில் கவசங்களை மாட்டி வெற்றிச் சின்னம் நடுவார்கள். தோற்றவர்கள் தூதரை அனுப்பி, இறந்தவர்களை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்பார்கள். அப்படிக் கேட்பதே தோல்வியை ஒப்புக்கொள்வதாகும். அத்தோடு முடிந்தது.

இதோடு 1916 ஜூலை 1ஆம் தேதியை வைத்துப் பாருங்கள். முதல் உலகப் போரின் சோம் சண்டையில், முதல் நாளில் பிரிட்டிஷ் படை மட்டும் 57,470 பேரை இழந்தது, அதில் இறந்தவர்கள் 19,240. அந்தச் சண்டை நவம்பர் வரை நீண்டது. அதே ஆண்டின் வெர்டன் சண்டை சுமார் பத்து மாதம். அந்தப் போரில் பெரும்பாலானவர்களைக் கொன்றது பீரங்கிக் குண்டு. சுட்டவன் யார் என்று செத்தவனுக்குத் தெரியாது, யாரைக் கொன்றோம் என்று சுட்டவனுக்கும் தெரியாது. ஹோப்லைட்டுக்குச் சண்டை வாழ்க்கையில் சில நாட்கள். அந்த நாட்களிலும் சில மணி நேரம். அகழியில் கிடந்த சிப்பாய்க்கு அது ஒரு வாழ்விடம். உக்ரைனில் இப்போது முன்வரிசையின் இருபுறமும் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு ட்ரோன்கள் கண்காணிக்கின்றன. சில நூறு டாலர் விலையுள்ள ஒரு ட்ரோன் தனி ஒரு மனிதனைத் துரத்திக் கொல்கிறது. சண்டை ஓய்ந்த நேரம் என்று ஒன்று அங்கே கிட்டத்தட்ட இல்லை. இந்த வகையில் கேள்வி கேட்டவர் சொல்வது முழுக்கச் சரி.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து கிரேக்கப் போர் சிறியது என்று நினைத்துவிடக் கூடாது. அவை சின்ன ஊர்கள். கி.மு. 371இல் லூக்ட்ராவில் ஸ்பார்ட்டாவின் முழுக் குடிமக்களாகப் போரிட்டவர்கள் 700 பேர், அதில் இறந்தவர்கள் 400. ஸ்பார்ட்டா அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. என்னை அதிகம் பாதித்தது தெஸ்பியே என்ற ஊரின் கதை. கி.மு. 480இல் பாரசீகப் படைக்கு எதிராகத் தெர்மோபைலேயில் ஸ்பார்ட்டர்கள் 300 பேரோடு கடைசிவரை நின்று செத்த 700 தெஸ்பியர்களை யாரும் அதிகம் நினைப்பதில்லை. அதே ஊர் கி.மு. 424இல் டெலியம் சண்டையில், ஏதென்ஸுக்கு எதிராகத் தீப்ஸ் நகரத்தின் பக்கம் நின்று, தன் இளைஞர்களில் பெரும்பகுதியை மறுபடி இழந்தது. அடுத்த ஆண்டே, எந்தக் கூட்டாளிக்காகச் செத்தார்களோ அந்தத் தீப்ஸ் வந்து, எதிர்க்க ஆளில்லாத தெஸ்பியேயின் மதிலை இடித்துப் போட்டது. சோமின் முதல் நாளில் இங்கிலாந்தின் அக்ரிங்டன் ஊரின் பெயர் தாங்கிய பட்டாளத்தில் சுமார் 700 பேர் போனார்கள். 580க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காயமடைந்தோ காணாமல் போயோவிட்டார்கள். ஒரே வட்டாரத்து ஆட்கள் ஒரே வரிசையில் நின்றால் ஒரு காலை நேரத்தில் ஊரே காலியாகும். இதில் காலம் எதையும் மாற்றவில்லை.

அடுத்து, யார் போரிட்டார்கள் என்பது. எனக்கு இதுதான் மொத்த ஒப்பீட்டின் மையம்.

ஏதென்ஸில் போருக்கு வாக்களித்தவன் ஈட்டியை எடுத்துக்கொண்டு போனான், அல்லது துடுப்பு வலித்தான். சாக்ரடீஸ் பொடிடேயா, டெலியம், ஆம்ஃபிபோலிஸ் மூன்று இடங்களிலும் ஹோப்லைட்டாகப் போனவர். நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் மராத்தானில் போரிட்டார். சோஃபோக்ளிஸ் தளபதியாகவே தேர்ந்தெடுக்கப்பட்டு, ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸோடு சாமோஸ் போருக்குப் போனார். பெலோபொனேசியப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடிஸ் தளபதியாக இருந்து, ஆம்ஃபிபோலிஸைக் காப்பாற்றத் தவறியதற்காக நாடுகடத்தப்பட்டவர். ஏதென்ஸின் பத்துத் தளபதிகள் ஆண்டுதோறும் தேர்தலில் வந்தார்கள், வரிசையில் நின்றார்கள், செத்தார்கள். டெலியத்தில் தளபதி ஹிப்போக்ரேட்டிஸ் இறந்தார். மான்டினியாவில் ஏதென்ஸின் இரண்டு தளபதிகளும் இறந்தார்கள். கி.மு. 422இல் ஆம்ஃபிபோலிஸ் சண்டையில் ஏதென்ஸின் கிளியோனும் ஸ்பார்ட்டாவின் பிராசிடாஸும் ஒரே நாளில் இறந்தார்கள். போரைத் தொடர வேண்டும் என்று இரு பக்கமும் அதிகம் வலியுறுத்திய இருவரும் போன பிறகு அடுத்த ஆண்டே சமாதான ஒப்பந்தம் வந்தது. இன்று ஒரு போரில் இப்படி நடப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

கடற்படையில் இது இன்னும் ஆழமாகப் போனது. டிரைரீம் எனப்படும் மூன்றடுக்குத் துடுப்புப் போர்க்கப்பலில் சுமார் 200 பேர், அதில் 170 பேர் துடுப்பு வலிப்பவர்கள். கவசம் வாங்க வசதியில்லாத ஏழைக் குடிமக்கள் இந்த வேலைக்கு வந்தார்கள். ஏதென்ஸின் பலம் கடற்படை என்றானதும் அவர்களுடைய அரசியல் பலமும் கூடியது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு டிராக்மா கூலி என்று வைத்தால், ஒரு கப்பலுக்கு மாதம் ஒரு டாலன்ட், அதாவது 6,000 டிராக்மா செலவு. பெலோபொனேசியப் போர் தொடங்கும்போது ஏதென்ஸின் கையிருப்பு 6,000 டாலன்ட். பொடிடேயா முற்றுகை ஒன்று மட்டுமே 2,000 டாலன்டை விழுங்கியது.

இன்று பெரும்பாலான வல்லரசுகளில் போரிடுவது ஒரு சிறு பிரிவின் தொழில். அமெரிக்கா 1973இல் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்தியது. இன்று அங்கே முழுநேரப் படையில் இருப்பவர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அமெரிக்க நாடாளுமன்றம் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942இல். அதற்குப் பிறகு வியட்நாமும் ஈராக்கும் ஆப்கானிஸ்தானும் நடந்தன. லாஸ் வேகாஸுக்கு அருகே உள்ள ஒரு விமானப்படைத் தளத்தில் உட்கார்ந்து ஆசியாவின் மேல் ட்ரோன் ஓட்டியவர்கள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போனார்கள்.

சரி, வாக்களிப்பவனே சண்டைக்கும் போனால் போர் குறையும் அல்லவா? குறையவில்லை. இதை மறைத்துவிட்டு ஏதென்ஸைப் புகழ்வது தவறு. கி.மு. 415இல் சிசிலி மேல் படையெடுக்கலாமா என்ற கேள்வி சபைக்கு வந்தது. அந்தத் தீவு எவ்வளவு பெரியது, எத்தனை மக்கள் இருக்கிறார்கள் என்பதே வாக்களித்தவர்களில் பலருக்குத் தெரியாது என்கிறார் துசிடிடிஸ். நிகியாஸ் என்ற மூத்த தளபதி எதிர்த்தார். தேவைப்படும் படையின் அளவைப் பெரிதாகச் சொன்னால் மக்கள் பின்வாங்குவார்கள் என்று நினைத்தார். மக்கள் அவர் கேட்டதை எல்லாம் உற்சாகமாகக் கொடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு இருந்தவர்களும் நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று பெயர் வந்துவிடுமோ என்று கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்தப் படை முழுவதும் அழிந்தது. பிடிபட்ட 7,000க்கும் மேற்பட்டவர்களைச் சிசிலியின் சைரகூஸ் நகரத்துக் கல்குவாரிகளில் வெயிலிலும் குளிரிலும் அடைத்து வைத்தார்கள். பிணங்கள் அவர்களுக்கு நடுவிலேயே குவிந்தன. ஒரு நாளைக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீரும், அதைப்போல் இரு மடங்கு தானியமும்தான் ஒரு ஆளுக்கு.

ஆக, நேரடிப் பங்கு புத்தியைத் தரவில்லை. ஆனால் பொறுப்பைத் தந்தது. தோல்வியின் செய்தி வந்தபோது தங்களைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை. பேச்சாளர்கள் மேல் கோபப்பட்டார்கள், தாங்களே வாக்களிக்காதது போல, என்று துசிடிடிஸ் கடுமையாக எழுதுகிறார். வாக்கும் எல்லோருக்கும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெண்களுக்கு இல்லை, அடிமைகளுக்கு இல்லை, ஏதென்ஸில் குடியிருந்து அதன் படையில் சேவை செய்த வெளியூர்க்காரர்களுக்கும் இல்லை. ஹோப்லைட்டின் கேடயத்தைச் சுமந்து நடந்த அடிமையின் பெயரைக் கல்வெட்டுகள் நமக்குப் பெரும்பாலும் சொல்வதில்லை.

தூரத்திலிருந்து கொல்லும் ஆயுதம் பற்றிக் கிரேக்கர்களுக்கு இருந்த அருவருப்பு நம் காலத்து ட்ரோன் விவாதத்தை அப்படியே நினைவூட்டும். கி.மு. 425இல் ஸ்பாக்டீரியா என்ற சிறு தீவில் 420 ஸ்பார்ட்டப் படையினர் மாட்டிக்கொண்டார்கள். ஏதென்ஸ் அவர்களோடு ஈட்டிக்கு ஈட்டி மோதவில்லை. வில்லாளிகளையும் கையீட்டி எறிபவர்களையும் கவண்காரர்களையும் சுற்றிலும் ஏவியது. கவசத்தின் எடையோடு ஸ்பார்ட்டர்கள் துரத்தினால் இவர்கள் ஓடுவார்கள். திரும்பினால் முதுகில் எறிவார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன் காடு எரிந்து போயிருந்ததால் கிளம்பிய சாம்பல் புழுதியில் எதிரே இருப்பது கண்ணுக்கே தெரியவில்லை. கடைசியில் 292 பேர் உயிரோடு சரணடைந்தார்கள். ஸ்பார்ட்டர்கள் சரணடைவார்களா என்று கிரேக்க உலகமே அதிர்ந்தது. கைதிகளில் ஒருவனிடம், செத்துப்போனவர்கள்தான் உண்மையான வீரர்களா என்று ஒருவன் குத்தலாகக் கேட்டான். வீரனைத் தேடிப் பார்த்துக் கொல்லும் அம்பு இருந்தால் அது விலைமதிப்பில்லாதது என்று அவன் பதில் சொன்னான். அம்புக்கு யார் தைரியசாலி, யார் கோழை என்று தெரியாது என்பதுதான் அதன் பொருள்.

அதற்குப் பிறகு இது வேகமாகப் போனது. கி.மு. 390இல் லெகேயம் அருகே ஏதென்ஸ் தளபதி இஃபிக்ரேட்டிஸ் லேசான ஆயுதம் தரித்த கையீட்டி வீரர்களை வைத்தே சுமார் 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டப் பிரிவைச் சிதைத்தார். கி.மு. 399 வாக்கில் சைரகூஸில் கவண்பொறி பிறந்தது. சிசிலியிலிருந்து கொண்டுவந்த அந்த இயந்திரத்தின் அம்பை முதன்முதலில் பார்த்த ஸ்பார்ட்ட மன்னன் ஆர்கிடாமஸ், மனிதனின் வீரம் இத்தோடு ஒழிந்தது என்று கத்தியதாகப் பிற்கால எழுத்தாளர் புளூடார்க் சொல்கிறார். அந்தக் கூச்சலை வரலாறு மறுபடி மறுபடி கேட்டிருக்கிறது. 1139இல் திருச்சபை கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் குறுக்குவில் பயன்படுத்தக் கூடாது என்றது. 1899இல் ஹேக் மாநாடு பலூனிலிருந்து குண்டு போடுவதை ஐந்தாண்டு தடை செய்தது. எதுவும் நிற்கவில்லை. வலுவான பக்கத்துக்கு அந்த ஆயுதம் தேவைப்பட்டதும் வெறுப்பு கரைந்துவிடும் என்பது ஏதென்ஸிலேயே தெரிந்துவிட்டது.

இப்போது போர் விதிகளுக்கு வருகிறேன். கிரேக்கர்களுக்கு விதிகள் உண்டு: தூதரைத் தொடக்கூடாது, கோயிலில் அடைக்கலம் புகுந்தவனைக் கொல்லக்கூடாது, பெருவிழாக்களின்போது போர்நிறுத்தம், இறந்தவர்களைத் திருப்பித் தர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் நின்றது தெய்வபயம். ஒரு விதிகூடச் சாதாரணக் குடிமகனைக் காப்பதற்காக எழுதப்பட்டதில்லை.

அந்த விதிகளும் அழுத்தத்தில் எப்படி உடையும் என்பதற்கு டெலியம் நல்ல உதாரணம். ஏதென்ஸ் அங்கே அப்பல்லோ கோயிலைக் கோட்டையாக மாற்றியிருந்தது. சண்டையில் சுமார் ஆயிரம் பேரை இழந்து தோற்றதும், வழக்கப்படி உடல்களைக் கேட்டது. கோயிலை விட்டு வெளியேறினால்தான் தருவோம் என்றார்கள் தீப்ஸ் பக்கத்தினர். இரு தரப்பும் நீ செய்தது தெய்வ நிந்தனை என்று வாதாடிக்கொண்டிருக்க, உடல்கள் வெளியே கிடந்தன. பிறகு ஒரு பெரிய மரத்தைக் குடைந்து, ஒரு முனையில் துருத்தியும் மறு முனையில் கரி, கந்தகம், கீல் நிரப்பிய கொப்பரையும் வைத்து, கோட்டையின் மர மதிலின் மேல் தீயைப் பீய்ச்சினார்கள். சண்டை முடிந்த பதினேழாம் நாளில் கோட்டை விழுந்த பிறகே உடல்கள் திரும்பின. போரில் உடல்கள் பேரத்துக்கு உள்ளாவது இன்றும் தீரவில்லை. 2025 ஜூனில் இஸ்தான்புல் பேச்சுவார்த்தையின் பலனாக ரஷ்யா ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை உக்ரைனிடம் ஒப்படைத்தது. எப்போது, எந்த எல்லையில், எத்தனை என்பதே சில நாட்கள் இரு நாடுகளுக்கும் இடையே பகிரங்கச் சச்சரவாக இருந்தது.

பொதுமக்கள் விஷயத்தில்தான் கிரேக்கர்களின் நேர்மை என்ற கதை முற்றிலும் உடைகிறது. கி.மு. 427இல் ஏதென்ஸின் கூட்டாளியான பிளாட்டேயா நகரம் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தபோது, இந்தப் போரில் ஸ்பார்ட்டாவுக்கு ஏதாவது நன்மை செய்தாயா என்று ஒவ்வொருவனிடமும் கேட்டு, இல்லை என்றவனைக் கொன்றார்கள். குறைந்தது 200 பேர். கி.மு. 413இல் ஏதென்ஸ் கூலிக்கு அமர்த்திய திரேஸ் வீரர்கள் 1,300 பேர் சிசிலிக்குக் கிளம்பும் படைக்குத் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். கூலி கட்டுபடியாகாது என்று அவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும்போது, போகிற வழியில் எதிரிக்கு முடிந்த சேதத்தைச் செய்யச் சொன்னார்கள். அவர்கள் மைகலெஸ்ஸஸ் என்ற, காவல் இல்லாத சிற்றூருக்குள் விடியற்காலையில் நுழைந்தார்கள். பெண்கள், குழந்தைகள், மாடுகள் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வெட்டினார்கள். ஊரின் பெரிய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. உணர்ச்சியை எளிதில் வெளிக்காட்டாத துசிடிடிஸ் இந்த இடத்தில் நின்று, ஊரின் அளவோடு பார்த்தால் இந்தப் போரில் இதைவிடப் பரிதாபமானது எதுவுமில்லை என்று எழுதுகிறார்.

இங்கே நம் காலத்துக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கி.மு. 416இல் ஏதென்ஸ் மெலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. பல கிரேக்கர்களுக்கு அது கொடூரமாகத் தெரிந்தது. ஆனால் அது எந்தச் சட்டத்துக்கும் எதிரானதில்லை. பிடிபட்ட நகரத்தின் மக்களும் பொருளும் வென்றவனுக்கே சொந்தம் என்பதுதான் பொதுவான வழக்கம். 1949இன் நான்காவது ஜெனீவா உடன்படிக்கைக்குப் பிறகு அதே செயல் குற்றம். 2023 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், உக்ரைனியக் குழந்தைகளைச் சட்டவிரோதமாக நாடுகடத்தியதாக, பதவியில் இருக்கும் ரஷ்ய அதிபருக்கு எதிராகவே பிடியாணை பிறப்பித்தது. அது நிறைவேறவில்லை, உண்மைதான். இன்றைய ராணுவங்கள் மரியுபோல் போன்ற நகரங்களை இடித்துத் தள்ளியும் இருக்கின்றன. ஆனாலும் செய்தவன் மறுக்க வேண்டியிருக்கிறது, காரணம் தேட வேண்டியிருக்கிறது. துசிடிடிஸ் காட்டும் ஏதென்ஸ் தூதர்கள் மெலோஸில் எதையும் மறுக்கவில்லை. வலியவன் முடிந்ததைச் செய்வான், எளியவன் பொறுத்துக்கொள்வான் என்று நேராகச் சொன்னார்கள். இந்த வித்தியாசத்தை நான் சிறியதாக எண்ணவில்லை.

தானியமும் பணமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே ஒற்றுமை மிக வெளிப்படை. ஏதென்ஸ் சாப்பிட்ட இறக்குமதித் தானியத்தில் பெரும்பங்கு கருங்கடலின் வடகரையிலிருந்து, அதாவது இன்றைய கிரைமியா, தெற்கு உக்ரைன் பக்கமிருந்து வந்தது. கி.மு. 405இல் ஸ்பார்ட்டத் தளபதி லைசாண்டர் ஹெலஸ்பாண்ட் நீரிணையில் ஏதென்ஸின் கடைசிக் கப்பற்படையைப் பிடித்து அந்த வழியை அடைத்தார். அடுத்த வசந்தத்தில் பட்டினியால் ஏதென்ஸ் சரணடைந்தது. 2022 ஜூலையில் ஐ.நா.வும் துருக்கியும் நடுவில் நின்று ஏற்படுத்திய தானிய ஒப்பந்தமும் அதே கடல் வழிக்காகத்தான். ஓராண்டில் ரஷ்யா அதிலிருந்து விலகியது. லைசாண்டரின் கப்பற்படைக்குக் கூலி கொடுத்தது யார் என்றால், பாரசீக இளவரசன் சைரஸ். துடுப்புக்காரர்களின் நாள் கூலியை மூன்று ஓபோலிலிருந்து (ஆறு ஓபோல் ஒரு டிராக்மா) நான்காக உயர்த்தி, ஏதென்ஸின் ஆட்களை இழுத்துக்கொள்ளவும் அவர் பணம் உதவியது. பெரிய வல்லரசு தன் படையை இறக்காமல் இரண்டு பேரின் சண்டையில் ஒருவனுக்குக் காசு கொடுத்து நடத்தும் வேலை புதிதே இல்லை.

மனக்காயமும் புதிதில்லை. மராத்தானில் எபிசெலஸ் என்ற ஏதென்ஸ்காரன் உடலில் ஒரு கீறல்கூட இல்லாமல் பார்வையை இழந்தான் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். கேடயத்தையே மறைக்கும் தாடியோடு பேருருவான ஒரு வீரன் எதிரே வந்து, தன்னைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் நின்றவனைக் கொன்றான் என்று எபிசெலஸ் சொல்வானாம். தெர்மோபைலேயிலிருந்து கண்நோயால் உயிர் தப்பிய அரிஸ்டோடெமஸோடு ஸ்பார்ட்டாவில் யாரும் பேசவில்லை, அடுப்புக்கு நெருப்புகூடத் தரவில்லை. அடுத்த ஆண்டு பிளாட்டேயா சண்டையில் வரிசையை விட்டு வெளியே பாய்ந்து வெறிகொண்டு போரிட்டுச் செத்தான்; சாக விரும்பித்தான் அப்படிச் செய்தான் என்று சொல்லி அவனுக்கு மட்டும் மரியாதையை மறுத்தார்கள். இப்படிப்பட்ட போர் மனக்காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவத்தின் கையேட்டில் முறையான நோய்ப் பெயர் கிடைத்தது 1980இல்.

கடைசியாக அவகாசம். கி.மு. 427இல் லெஸ்பாஸ் தீவின் மிடிலீனி நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்து தோற்றது. கோபத்தில் இருந்த ஏதென்ஸ் சபை, ஊரின் ஆண்கள் எல்லோரையும் கொல்ல வேண்டும், பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்க வேண்டும் என்று தீர்மானித்து, அங்கே இருந்த தளபதி பாக்கேஸுக்குக் கப்பலில் ஆணை அனுப்பியது. மறுநாள் காலையில் பலருக்கு உறுத்தியது. சபை மறுபடி கூடியது. கிளியோன் கொல்லத்தான் வேண்டும் என்றார். டியோடோட்டஸ் என்பவர், இது நமக்கே நல்லதில்லை என்று வாதாடினார். கைகள் கிட்டத்தட்ட சமமாக உயர்ந்தன, டியோடோட்டஸ் மயிரிழையில் வென்றார். இரண்டாவது கப்பல் கிளம்பியது. முதல் கப்பல் ஒரு பகல், ஓர் இரவு முன்னால் போயிருந்தது. துடுப்பு வலிப்பவர்கள் வாற்கோதுமை மாவை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்து, வலித்துக்கொண்டே தின்றார்கள்; முறை வைத்துத் தூங்கினார்கள். முதல் கப்பல்காரர்கள் தங்கள் வேலையை வெறுத்து மெதுவாகப் போனார்கள். பாக்கேஸ் ஆணையைப் படித்து நிறைவேற்றத் தயாரானபோது இரண்டாவது கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது.

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை இலக்கை அடைய ஏறக்குறைய அரை மணி நேரம் போதும். 1983 செப்டம்பர் 26ஆம் தேதி, மாஸ்கோவுக்கு வெளியே ஒரு கண்காணிப்பு மையத்தில், அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவியிருப்பதாகத் திரை காட்டியது. பணியில் இருந்த சோவியத் அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அது இயந்திரக் கோளாறு என்று சில நிமிடங்களில் முடிவு செய்தார், அது சரியாகவும் இருந்தது. சபை இல்லை, எதிர்வாதம் இல்லை, இரண்டாவது கப்பல் இல்லை. ஒரு மனிதரும் சில நிமிடங்களும்தான். கிரேக்கர்களின் போரில் இதற்கு இணையாக எதையும் என்னால் காட்ட முடியாது. நம்முடைய போர் அவர்களுடையதைவிட மோசமானதா என்று கேட்டால், இந்த ஒரு விஷயத்தில் தயங்காமல் ஆம் என்பேன்.

மற்றபடி மிடிலீனியையும் அழகான கதையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் பிழைத்தது, ஆனால் கிளர்ச்சியின் தலைவர்கள் என்று பிடித்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை கொடுத்ததாகத் துசிடிடிஸ் எழுதுகிறார். மிடிலீனி மக்களின் நிலம் 3,000 பங்காகப் பிரிக்கப்பட்டு, 300 பங்கு தெய்வங்களுக்குப் போக, மீதி ஏதென்ஸ்காரர்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கப்பட்டது. நிலத்தின் பழைய சொந்தக்காரர்கள் அதிலேயே உழுது, ஆண்டுதோறும் அந்த ஏதென்ஸ்காரர்களுக்குக் குத்தகை கட்டினார்கள்.